"வாயுன்னு சொல்லுங்க!"

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே, உடம்பு சரியில்லையா என்று பலர் விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு வந்தது எனக்கில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தது நான்தான்!

நடந்ததைச் சொல்கிறேன்.

கொல்லிமலையில், குண்டூர் நாட்டில் (அங்கே ஊர்த் தொகுதிக்கு 'நாடு' என்று பெயர்), எங்களுக்கு ஒரு குடும்ப நண்பர் உண்டு. செல்லமுத்து அண்ணன். மிளகும் குச்சிக்கிழங்கும் (அதான், மரவள்ளி) போடுகிற விவசாயி. அவர் மனைவி பாவாயி அக்கா. ஒரே மகளைத் திண்ணனூர் நாட்டில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். "தை மாசம் வாங்க, மிளகு பறிக்கறதைப் பார்க்கலாம்" என்று பல வருஷமாக அழைப்பு. இந்தத் தடவை போய்விட்டேன்.

போன அன்றே தெரிந்துவிட்டது... வீட்டில் ஏதோ சரியில்லை.

"சோறு போட்டு வெச்சிருக்குதுன்னு சொல்லுங்க அம்மணி" என்றார் அக்கா என்னிடம். அண்ணன் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார்.

"இப்பப் பசியில்லீன்னு சொல்லுங்க" என்றார் அண்ணன். அதுவும் என்னிடம்தான்.

விஷயம் இதுதான். பாவாயி அக்கா கன்றிலிருந்து வளர்த்த எருமை ஒன்று. அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில், ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணன் அதை விற்றுவிட்டார். வயசாகிவிட்டது, தீனி கட்டுப்படியாகவில்லை என்று காரணங்கள் வைத்திருந்தார். எல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் திரும்பி வந்து காலிக் கட்டுத்தறியைப் பார்த்த அக்கா, அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

நான் வருவதற்கு முன் எப்படிப் பேசிக்கொண்டார்களாம்? நாயிடம்! "ஏ மணி, வெந்நி காஞ்சிருச்சு. குளிக்கறவங்க குளிக்கலாம்" என்கிற ரீதியில். நான் வந்ததில் யாருக்கு நிம்மதியோ இல்லையோ, அந்த நாய்க்கு நிம்மதி.

மூன்றாம் நாள் காலை. பல் கிட்டும் குளிர். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு அடுப்படிக்குப் போனால், அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை ஓடுகிறது. முந்தானையால் துடைக்கத் துடைக்க மறுபடி வழிகிறது.

"என்னக்கா ஆச்சு?"

"வாயுங்க அம்மணி. நேத்துக் கிழங்கு தின்னது சேரலையாட்ட இருக்குது. ஓமத்தண்ணி குடிச்சிருக்கறன். செரியாப் போயிரும்."

"எங்கே வலிக்குது?"

மேல்வயிற்றைக் காட்டினார். பிறகு நெஞ்சு. பிறகு, சம்பந்தமே இல்லாத மாதிரி, தாடை. "பல்லு வலியாட்ட இங்கயும் இழுக்குதுங்க."

எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் அந்தக் குளிரில் அந்த வேர்வை எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே ஓடி, மிளகுக் கொடி படர்ந்த மரத்தில் ஏணி சார்த்தி ஏறியிருந்த அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தார். வாசற்படியில் நின்றார். அப்போதும் பாருங்கள்...

"என்ன பண்ணுதுன்னு கேளுங்க அம்மணி."

"வாயுன்னு சொல்லுங்க!" என்றார் அக்கா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அண்ணன் ஒரு நிமிஷம் தயங்கினார். "வாயுன்னா வெந்நி குடிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஏணிப் பக்கம் திரும்பினார். வைத்தியம் முடிந்தது!

அவர் நாலடி வைத்திருக்க மாட்டார். அக்கா எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், பக்கத்தில் இருந்த குடத்தோடு சரிந்தார். குடம் உருண்டது. வாந்தி எடுத்தார்.

"பாவாயி!"

அப்படி ஒரு குரலை நான் அதுவரை அந்த மனிதரிடம் கேட்டதில்லை. ஓடி வந்து தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "என்ன சாமி பண்ணுது? என்ர கிட்டச் சொல்லு சாமி. என்னைப் பாரு!"

அக்கா கண்ணைத் திறந்து பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க... செத்த நேரம் படுத்தா..." என்றார். யார் மூலமாகவும் இல்லை. நேராக!

அண்ணன் காத்திருக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் குச்சிக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஜீப்பை மறித்தார். டிரைவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. மூட்டைகளை ரோட்டோரம் தள்ளிவிட்டு வண்டியை வாசலுக்கே கொண்டு வந்துவிட்டார். "நானே நடந்து வாரேன்" என்று அக்கா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அண்ணன் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போய் ஏற்றினார்.

மலை மேல் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் இளம் டாக்டரம்மா. படிப்பை முடித்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். வராந்தா நிறைய காய்ச்சலும் இருமலுமாக ஜனங்கள். அக்காவைப் பார்த்ததும் மற்றவர்களை அப்படியே விட்டுவிட்டு வந்தார். பிரஷர் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார், நாலைந்து கேள்விகள் கேட்டார்.

"வாயுங்க..." என்று ஆரம்பித்தார் அக்கா.

"இது வாயு மாதிரி தெரியலைம்மா. ஹார்ட் அட்டாக்கா இருக்கலாம். இங்கே ஈசிஜி மெஷின் இல்லை. இங்கேயே வெச்சு உறுதி பண்ணிக்கிட்டு அனுப்ப முடியாது. உடனே கீழே போகணும்."

அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. "நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுக் கீழ விழுவாங்களே, அதாங்களே அட்டாக்?"

"அது சினிமாவுல. பெண்களுக்குப் பல சமயம் இப்படித்தான் வரும். வேர்வை, வாந்தி, தாடை வலி... வயித்துக் கோளாறுன்னு நினைச்சு வீட்டிலேயே இருந்துடுவாங்க."

ஒரு மாத்திரையைக் கடித்து மென்று விழுங்கச் சொன்னார். இன்னொன்றை நாக்குக்கு அடியில் வைத்தார். நிலையத்து வண்டி தடுப்பூசி போட எங்கோ ஒரு குக்கிராமத்துக்குப் போயிருந்தது. அதற்காகவும் காத்திருக்கவில்லை. ஒரு நர்ஸை எங்களோடு அதே ஜீப்பில் ஏற்றிவிட்டு, டவுன் ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் போடப் போனார். "நீங்க போய்ச் சேரும்போது அவங்க ரெடியா இருக்கணும்" என்றார். அந்த டெலிபோனும் அன்றைக்கு வேலை செய்தது. சாமி புண்ணியம்!

கொல்லிமலை ரோடு தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு... ஒரு கொண்டை ஊசி வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வரும். சௌகரியமாக இருப்பவருக்கே குடலைப் புரட்டும். பின்னால் விரித்த சாக்குப் படுதாவில் அக்கா. தலை அண்ணன் மடியில். ஒவ்வொரு வளைவிலும் அக்கா உருண்டுவிடாமல் தன் முதுகைக் கம்பியில் முட்டுக் கொடுத்துக்கொண்டார் அண்ணன். நர்ஸ் நாடியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

பாதி வழியில் அக்கா மெதுவாகக் கேட்டார்.

"எருமைய ஆருக்குங்க வித்தீங்க?"

"அடிவாரத்துக் காரவள்ளிக்காரருக்குத்தான் சாமி. நல்ல மனுசன். தோட்டம் தொரவு இருக்குது."

"நல்லாப் பாத்துக்குவாங்களா?"

"நீ எந்திரிச்சு வா. நான் போயித் திரும்ப ஓட்டிக்கிட்டு வந்தர்றேன்."

அக்கா தலையை அசைத்தார். "வேண்டாமுங்க. அதுக்கும் வயசாச்சு, எனக்குந் தெரியும். வித்ததுக்கு நான் கோவிச்சுக்கல. என்ர கிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்களே... அதானுங்க."

அண்ணன் தோளில் கிடந்த துண்டால் முதலில் அக்காவின் நெற்றியைத் துடைத்தார். பிறகு தன் கண்ணை. நானும் நர்ஸும் மும்முரமாக வெளியே மரங்களைப் பார்த்தோம்.

டவுன் ஆஸ்பத்திரியில் நிஜமாகவே ஸ்ட்ரெச்சரோடு காத்திருந்தார்கள். ஈசிஜி எடுத்தார்கள். டாக்டரம்மாவின் சந்தேகம் சரி. இருதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். அந்த மருந்து அன்றைக்கு அங்கே இருந்தது. 'இருந்தது' என்ற சொல் இவ்வளவு அழகானது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஏனென்றால், எல்லா ஊரிலும் இருக்கிறதா என்ன? பெரிய நகரத்தில் மாரடைப்பு வந்தால் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள், பலூன் வைத்து அடைப்பைத் திறக்கிறார்கள். சின்ன டவுனில் இந்த டிரிப். அதற்கும் கீழே, மாத்திரையும் ஒரு ஜீப்பும். ஜீப்பும் இல்லாத ஊரில் திருநீறுதான். நெஞ்சு எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது வலிக்கிறபோது நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது மிச்சமெல்லாம். இதை எந்தக் கட்சிக்காரராவது மேடையில் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

அன்று சாயங்காலம் வராந்தாவில் என் பக்கத்தில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். கணவர் பேங்க்கில் அதிகாரியாம். அவருக்கும் மாரடைப்பு. அக்காவுக்கு அடுத்த கட்டில்தான். வீடு எங்கே என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி!

"நேத்து ராத்திரியே வலி ஆரம்பிச்சுடுச்சு. கேஸ்தான்னு சொல்லிட்டார். சோடா குடிச்சார். காலையில கொஞ்சம் தேவலைன்னு ஆபீஸுக்கும் போயிட்டார். அங்கேதான் மயங்கி விழுந்திருக்கார். ரொம்ப லேட்டா கொண்டு வந்துட்டீங்க, இருதயத்துல பாதி பலவீனமாயிடுச்சுங்கறார் டாக்டர்."

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். "நீங்க எங்கேருந்து வர்றீங்க?"

"கொல்லிமலைங்க."

அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்வளவு தூரத்துலேருந்தா?" என்றார். மறுநாள் அவர் கணவரைச் சேலத்துக்கு மாற்றினார்கள். கிளம்பும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

பாவாயி அக்கா பிழைத்துக்கொண்டார். இனி சுமை தூக்கக் கூடாது, மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மாத்திரை வாங்க அண்ணன் மாதாமாதம் மலை இறங்க வேண்டும். முதல் தடவையாக முந்தாநாள் வந்தவர், வழியில் இருக்கிற என் வீட்டுக்கும் எட்டிப் பார்த்தார். உட்காரக்கூட இல்லை. "அவ தனியா இருப்பா அம்மணி" என்று அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

எனக்கு அந்த பேங்க் அதிகாரியின் நினைவு போகவில்லை. மலையில் இருந்தவருக்கு ஆஸ்பத்திரி பக்கமாகவும், இரண்டு தெரு தள்ளி இருந்தவருக்கு அது தூரமாகவும் ஆனது எப்படி? இடையில் நின்றது ரோடு இல்லை. ஒரே ஒரு சொல். அவர் 'கேஸ்' என்றார், அக்கா 'வாயு' என்றார். அக்காவின் சொல்லை நாங்கள் நல்லவேளையாக நம்பவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வெறும் வாயுதான் என்று சொல்லிவிட்டால் வெட்கமாக இருக்காதா என்று கேட்கிறீர்களா?

இருக்கும். அப்படி வெட்கப்பட்டுக்கொண்டு வீடு திரும்புவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்!