சீட்டில் மூன்று ஓட்டை

மலாயாவில் அவசரகாலச் சட்டம் இருந்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து கேட்டில் எந்த வண்டியையும் சும்மா விடமாட்டார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக்கூடாது என்று உத்தரவு. மூட்டை, மெத்தை, லாரி சீட் எல்லாவற்றையும் கூரான கம்பியால் குத்திப் பார்ப்பார்கள்.

என் வீட்டுக்காரர் தோட்டத்துத் துரையின் டிரைவர். துரை வைத்திருந்தது ஜப்பான் சண்டைக்கு முந்திய இத்தாலிக் கார், பினாங்கில் தேடிப் பிடித்து வாங்கியது. ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பேரும் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொள்வார்கள். மற்ற நாளில் துரை முன்னால் நிமிர்ந்து பேசாத மனுஷன், அன்றைக்கு மட்டும் "நீங்க திருகினது தப்பு" என்று துரைக்கே சொல்வார். இஞ்சின் சத்தம் சரியாக வந்துவிட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேட்டில் கம்பியைக் கண்டதும் இவர் இறங்கிவிடுவார். அந்தச் சிவப்புத் தோல் சீட்டில் கம்பி படக்கூடாது. ஸ்பேனரை எடுத்து சீட்டையே கழற்றி, கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டுவார். கால் மணி நேரம் ஆகும், பின்னால் நிற்கும் லாரிக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். ஒரு முறை துரை சொல்லி இவர் என்னை அதில் தானா ராத்தா டவுனுக்கு அழைத்துப் போனார். ஏறுமுன் கால் கழுவச் சொன்னார், கட்டின பெண்டாட்டியை. போக வர முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

தலைச்சன் பிள்ளைக்கு வலி எடுத்த காலையில், தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். லாரி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. துரை கார் சாவியைக் கொடுத்தார். பின்சீட்டில் சாக்கு விரித்து என்னைப் படுக்கவைத்தார்கள்.

கேட்டில் அன்று புதுப் போலீஸ்காரர். பிள்ளைத்தாய்ச்சி என்று சொல்லி அரிசி கடத்தினவர்களும் உண்டாம். ஒன்று சீட்டைக் குத்தவேண்டும், இல்லையென்றால் கழற்றிக் காட்டவேண்டும் என்றார். இவர் கை ஸ்பேனர் பெட்டிக்குப் போனதைப் பார்த்தேன். என்னை இறக்கி ரோட்டோரம் உட்காரவைக்கப் போகிறார், இங்கேயே செத்துப்போவேன் என்று நினைத்தேன். அந்த நிமிஷம் அவரை வெறுத்தேன்.

பெட்டியைத் திறக்காமலே கையை எடுத்துவிட்டார்.

"கழட்ட நேரமில்லங்க. கம்பிய இங்க குடுங்க, நானே குத்துறேன்."

என்னிடம் அசையாமல் படு என்றார். தலைமாட்டில் ஒன்று, இடுப்புக்குப் பக்கத்தில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. அவ்வளவு வலியிலும் தோல் கிழிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பெண் பிறந்தாள். இரண்டு பேரும் பிழைத்தோம்.

பத்து நாள் கழித்து அதே காரில் எங்களை அழைத்துப் போக வந்தார். மூன்று ஓட்டையும் சிவப்பு நூலால் தைத்திருந்தது. துரை ஒரு நாள் முழுக்க இவரோடு பேசவில்லையாம், மறுநாள் அந்த நூலைத் தேடிக் கொண்டுவந்தவரும் அவர்தானாம். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கார்க் கதவைத் திறந்தேன்.

"கால கழுவிட்டு ஏறு," என்றார்.

பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக் குழாயடியில் இரண்டு காலையும் நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து ஏறினேன். முணுமுணுக்கவில்லை.