ஏழாவது கடைக்கு ஆள் கேட்டுப் பழவேற்காட்டுக்கு

இந்த ஜனவரியில் நான் பழவேற்காட்டுக்குப் போனது பூநாரை பார்க்க இல்லை. பூநாரையும் பார்த்தேன், அது வேறு. என் முதலாளியம்மா ஒரு பெண்ணிடம் அவள் புருஷனைக் கேட்டு வாங்க வந்தார். மொழிபெயர்க்க என்னையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

முதலாளியம்மா மாரிசெல் அக்கா, பிலிப்பைன்ஸ்காரர். ஷார்ஜாவில் ஒற்றைக் கதவு மளிகைக் கடையில் ஆரம்பித்து, ஊர்க் கருவாட்டுக்கும் இறால் விழுதுக்கும் ஏங்கிய தன் நாட்டு மக்களுக்கு விற்று விற்றே ஆறு கடை ஆக்கியவர். நான் அங்கே கணக்கு பார்க்கிறேன். ஒவ்வொரு கடையையும் தூக்கி நிறுத்தியது பழவேற்காட்டு ஏழுமலை அண்ணன். ஆறாவதோடு ஊருக்கு அனுப்புவதாகப் பேச்சு. இப்போது ஏழாவது, மஸ்கட்டில். இன்னும் இரண்டு வருஷம் இருக்க முடியுமா என்று அக்கா கேட்க, “எங்க வீட்ல கேளுங்க மேடம்” என்று அண்ணன் நைசாக நழுவிவிட்டார்.

சென்ட்ரலில் காலை மின்ரயில். பொன்னேரிக்குப் பத்து ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். மீஞ்சூரில் பாதிப் பெட்டி இறங்கியதும்தான் உட்கார இடம் கிடைத்தது. அக்கா போனில் தன் மகள் படத்தைக் காட்டினார். சொந்த ஊரான இலோய்லோவில் தன் அம்மாவிடம் விட்டுவந்த பிள்ளை, அக்காவைவிட உயரமாகிவிட்டாள். பொன்னேரியிலிருந்து டவுன் பஸ், பதினெட்டு கிலோமீட்டர். பெண்களுக்கு இலவசம். கண்டக்டர் அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவருக்கும் இலவசச் சீட்டே கிழித்தார்.

தோணிரேவு பக்கம் உள்ள குப்பத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய். ஏழுமலை வீடு என்றதும் டிரைவர், “வெளிநாட்ல ஆறு கட வச்சிக்கீறாரே, அவரா?” என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை.

அண்ணனின் மனைவி தேசம்மா அண்ணி ஏரியில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிப்பவர். பிளஸ் டூ படிக்கும் மகள் இலை போட்டாள். அப்பாவை, அவள் பேச்சில் நைனாவை, போனில் பார்த்தே வளர்ந்த பெண். இறால் தொக்கு, நண்டுக் குழம்பு. அக்கா கையால் பிசைந்து அடித்த அடியில் வீடே அவருக்குச் சொந்தமாகிவிட்டது. கை கழுவியதும் விஷயத்துக்கு வந்தார்.

முதலில் அண்ணனைப் புகழ்ந்தார். இந்த ஏரியில் இறால் விழும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். பாடு என்று பெயர். விடுப்பில் ஊருக்குப் போகும் முறை யாருக்கு என்று எங்கள் கடையில் ஓயாத சண்டை நடந்தபோது, அண்ணன்தான் அந்தப் பாடு முறையைக் கொண்டுவந்தார். இன்று ஆறு கடையிலும் சீட்டுதான், குலுக்குவதும் அவர்தான் என்று அக்கா பெருமையாகச் சொன்னார்.

அண்ணி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். “அந்தச் சீட்டுல எங்க ஊட்டுக்காரர் பேரும் கீதா?”

மொழிபெயர்த்தேன். அண்ணன் பேரைப் போட்டதே இல்லை. கடை திறப்பு, சரக்கு இறக்கம் என்று அவர் எப்போதும் தேவைப்பட்டார். சாவுக்கும் காதுகுத்துக்கும் ஓடிவந்து ஓடிப்போனதோடு சரி.

“எங்க ஊர்ல தலைவரு பேரையும் போட்டுதான் குலுக்குவாங்க,” என்றார் அண்ணி. “குலுக்குற கைக்கும் குடும்பம் கீதுல்ல?”

இதையும் மொழிபெயர்த்தேன். அக்கா கைப்பையிலிருந்து ஒரு பழைய ரசீதை எடுத்துக் கிழித்து, என்னமோ எழுதி மடித்து, டம்ளரில் போட்டுக் குலுக்கி அண்ணியிடம் நீட்டினார். அண்ணி தயங்கித் தயங்கி எடுத்து மகளிடம் கொடுத்தார்.

“நைனா பேரும்மா.”

அக்கா டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். வேறு சீட்டே இல்லை. அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன், இதில் என்ன வெட்கம்!

போகிறவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேருங்கள். உயிர்காப்புச் சட்டை இல்லாத படகில் ஏறாதீர்கள். கருவாடு வாங்கினால் இரண்டு கவர் போட்டுக் கட்டுங்கள், ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் சாபம் பொல்லாதது.

சித்திரையில் அண்ணன் ஊர் வந்து சேர்ந்துவிட்டார். ஏழாவது கடை அவர் இல்லாமலே திறந்தது. ஃப்ரிட்ஜ் தாமதமாக வந்தது, குடி ஒன்றும் மூழ்கிவிடவில்லை. இப்போது சீட்டுப் பெட்டியில் மாரிசெல் அக்கா பேரும் கிடக்கிறது. போன மாதம் அது வந்தது. அக்கா இலோய்லோவில் இருக்கிறார், மகளோடு.