என் வார்டில் மறதிக்காரர் ஒருவரும் இல்லை

என் பெருமையை நானே பாடிக்கொள்கிறேன் என்று என் கணவர் கேலி செய்வதுண்டு. சொல்லத் தகுந்த காரியம் என்றால் சொன்னால் என்ன? தொண்ணூறுகளில் சில மாதங்கள், கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைப் பக்கத்து வீடுகளில் ஏறி இறங்கி முதியவர்களிடம் கேள்வி கேட்டேனே, அதைப் பற்றி நினைத்தால் இன்றும் எனக்குத் தலை நிமிரும். ஆனால் நான் முதலில் பெருமைப்பட்டது தவறான காரணத்துக்கு. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்போது நான் பாரலல் காலேஜ் என்கிற ஒரு தனியார் பயிற்சிக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம். திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு பெண் மருத்துவருக்கு எல்லைப்புற வீடுகளில் இரண்டு மொழியிலும் கேட்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. வயதானவர்களுக்கு வரும் அல்சைமர் போன்ற மறதி நோய் எங்கள் பக்கத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலை அது.

பயிற்சியின் முதல் நாளே மருத்துவர் உலகப் படத்தைச் சுவரில் மாட்டினார். மேற்கத்திய நாடுகளில் இந்த நோய் அதிகமாகத் தெரிகிறது, நம் நாட்டிலும் ஆப்பிரிக்காவின் சில இடங்களிலும் குறைவாகத் தெரிகிறது என்றார். உண்மையிலேயே குறைவா, அல்லது நாம் எண்ணும் விதத்தில் பிழையா என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது, அதனால்தான் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு அந்த நிமிடமே விடை தெரிந்துவிட்டது. உண்மையிலேயே குறைவுதான். மரச்சீனியும் மீன்கறியும் தின்று, பேரப்பிள்ளைகளோடு வாயாடிக்கொண்டிருக்கிற எங்கள் ஆட்களுக்கு மறதியாவது ஒன்றாவது!

கேள்வித்தாளைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. இன்று என்ன தேதி என்று கேட்டால் எங்கள் ஊர் முதியவர்கள் மலையாள மாதக் கணக்கில் மேடம் பத்து என்பார்கள், அதைத் தவறு என்று எழுதினால் ஊரில் பாதிப் பேர் நோயாளியாகிவிடுவார்கள் என்றேன். எந்த மாடியில் இருக்கிறீர்கள் என்று ஓட்டு வீட்டில் கேட்டால் சிரிப்பார்கள் என்றேன். இது என்ன காலம் என்றால் எடவப்பாதி மழை முடிந்தது என்று வரும், அதற்கும் மதிப்பெண் உண்டா என்றேன். மருத்துவர் மூன்றையும் அங்கேயே திருத்தினார். அன்று பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலித்ததே தெரியவில்லை.

கொல்லயில் என்ற ஊரில் நான் வாழ்க்கைப்பட்ட வீடு. எனக்குக் கொடுத்த பஞ்சாயத்து வார்டு பாறசாலையில், என் பெற்றோர் இருந்த பக்கம். போன வீட்டிலெல்லாம் ஒரே நடப்புதான். முதியவரை நாற்காலியில் இருத்துவார்கள். பின்னால் மருமகள், கதவோரம் மகன், வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரி. நான் கேள்வியைப் பெரியவரிடம் கேட்பேன், பதில் மருமகளிடமிருந்து வரும்.

"மாமனுக்கு ஒரு கொழப்பமும் இல்ல டீச்சரே. காலத்தே எணீப்பாரு, கஞ்சி குடிப்பாரு, உறங்குவாரு."

பெரியவர் புன்னகையோடு தலையாட்டுவார். அவரைத் தனியாக இருத்திக் கேட்க வேண்டும் என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள். ஆனால் எங்கள் ஊரில் வயதானவரைத் தனியே விட்டு வெளியே போங்கள் என்று சொன்னால், போலீஸ் வந்து விசாரிக்கிற மாதிரி ஆகிவிடும். அந்த விதி வேறு நாட்டுக்காரர்களுக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். கட்டன்சாயா குடித்துவிட்டு, மருமகள் சொன்னதை எழுதிவிட்டு வருவேன்.

வார்டு முடியும் தறுவாயில் என் தாள்களில் ஒரு நோயாளிகூட இல்லை. மற்றவர்களுக்குச் சிலர் கிடைத்திருந்தார்கள். மருத்துவர் என் கட்டைப் புரட்டிப் பார்த்து, ஒருவர்கூட இல்லையா என்று மலையாளத்தில் கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்தது.

"எங்க ஊரு ஆளுக அப்பிடியாக்கும்," என்றேன், கோபத்தில் தமிழிலேயே.

அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. தனியாக இருத்திக் கேட்டாயா என்றார். அது இங்கே நடக்காது என்றேன். பிறகு அவர் விளக்கினார். முதியவர் தனியாக வாழ்கிற நாட்டில் அவரே சமைக்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும், வண்டி ஓட்ட வேண்டும். ஒரு பிசகு வந்தால் அன்றே வெளியே தெரிந்துவிடும். தட்டைக் கையில் கொண்டு கொடுக்க ஆள் இருக்கிற ஊரில் பல வருடத்துக்குத் தெரியாது. நாம் எண்ணுவது நோயையா, அது வெளியே தெரிவதையா என்று அவர் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர் சொல்வது தவறு என்று காட்டியே தீர வேண்டும். என் அப்பாவின் தாள் இன்னும் எழுதாமல் இருந்தது. அவரையே விதிப்படி தனியாகக் கேட்டு, முத்துப் போல ஒரு தாளை மேசையில் வைக்கிறேன் என்று கிளம்பினேன்.

அப்பா மின்சார லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்பூரி மலை வரை எந்த வளைவில் எந்தக் கம்பம் என்று சொல்லுவார். அம்மா மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடையில் வரிசை நிற்கும் நேரம் பார்த்துப் போனேன். அப்பா முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, இரிங்க. எங்கெருந்து வாறிய?"

அவர் எப்போதும் கேலிக்காரர். நானும் விளையாட்டாக, "கொல்லயில்லெருந்து வாறேன், கணக்கெடுக்க," என்றேன். தேங்காய், குடை, வாளி என்று மூன்று சொற்களைச் சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கொஞ்ச நேரம் வேறு கேள்விகள் கேட்டுவிட்டு அந்த மூன்றையும் திரும்பக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

"எடியே, இங்க வா," என்று கூப்பிட்டார். பதில் இல்லை. என்னிடம் திரும்பி மரியாதையாகச் சொன்னார். "அவ இப்பம் வருவா. அவகிட்ட கேளுங்க, அவளுக்குத் தெரியும்."

பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டேன். அதற்கும் அவள் வரட்டும் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எப்போது அந்த வீட்டுக்குப் போனாலும் படி ஏறுவதற்குள் அம்மா உள்ளேயிருந்து உரக்கச் சொல்லுவாள்: "இங்க பாருங்க, கொல்லயில்லெருந்து மக வந்திருக்கா!" என்னைக் கண்ட சந்தோஷத்தில் கத்துகிறாள் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அவள் அப்பாவுக்கு விடை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்டு முழுக்க மருமகள்கள் எனக்குச் செய்ததை என் அம்மாவும் எனக்கே செய்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

மண்ணெண்ணெய் வாங்கிய கன்னாசோடு அம்மா வந்தாள். என் மடியில் இருந்த தாளைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பின்முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அதக் கிழிச்சுப் போடு. மழையிலயும் காத்திலயும் போஸ்டுல ஏறி ஊருக்கு வெளிச்சம் குடுத்த மனுஷன். அவரப் பிராந்தன், புத்தி கெட்டவன்னு ஒருத்தன் சொல்லப்பிடாது. இத நீ எழுதிக் குடுத்தா, பெறகு இந்தப் படி ஏறாண்டாம்."

தாளைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். கிழித்தால் அம்மாவின் மானம் தப்பும், என் வார்டில் ஒருவரும் இல்லை என்ற பெருமையும் நிலைக்கும். ஆனால் அந்தப் பெரிய உலகக் கணக்கில் எங்கள் ஊர் சொல்வது பொய்யாக இருக்கும். கொடுத்தால் அம்மா என்னிடம் பேச மாட்டாள். ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய காலையில் மறுபடி அம்மாவிடம் போனேன்.

"கிழிச்சுப் போடுறேன் அம்மா. அதுக்கு முன்னாடி வீட்டுல உள்ளவங்ககிட்ட கேக்க வேண்டிய கேள்வியும் இதுல உண்டு. அத மட்டும் கேட்டுக்கிடுறேன்."

அடுக்களையில் உட்கார்ந்து, அந்நிய வீட்டில் கேட்பது போலவே ஒவ்வொன்றாக வாசித்தேன். தானாக உடுத்துவாரா? சட்டையை அம்மா விரித்துப் பிடித்தால் கை நுழைப்பாராம். வெளியே போவாரா? முடிவெட்டக் கூடவே போய், கடைக்காரர் பேரைக் காதில் சொல்லிவிட்டு வெளியே நிற்பாளாம். ஆட்களைத் தெரியுமா? கல்யாண வீட்டில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, எதிரே வருகிறவர் யாரென்று வாய்க்குள்ளேயே சொல்லுவாளாம். பத்திரிகையில் ஒரு செய்தியைக் காலையில் நான்கைந்து தடவை வாசித்துக் காட்டுவாளாம், யாராவது வந்தால் அவர் அதைச் சொல்லிப் பேசுவதற்கு.

"எப்பம் தொடங்கிச்சு?"

"மூணு மழக்காலமாச்சு மக்களே. எவளாவது எனக்கிட்ட இதக் கேட்டதுண்டா?"

இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதினேன். உலை கொதித்து வழிந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் எழுதியதை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் போலவே தலையை நிமிர்த்தினாள்.

"இம்புட்டும் நானாக்கும் செஞ்சது. கிழிக்காண்டாம். அவருக்கு உண்டுன்னே எழுது."

அந்தத் தாளை மேசையில் வைத்து, என் வார்டு முழுவதையும் மறுபடி கேட்கிறேன் என்று மருத்துவரிடம் சொன்னேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆனால் மறுபடி போனபோது வீடுகள் முன்னைவிட இறுகிவிட்டன. ஒரு தடவை சொன்னோமே, பிறகென்ன என்றார்கள். அதைக் கேட்ட அம்மா, "நானும் வாறேன்," என்றாள். என் கணவர் அப்பாவோடு இருந்துகொண்டார்.

உதியன்குளங்கரைக்குப் போகும் வழியில் ஒரு வீடு. மருமகள் கதவைப் பாதி திறந்து, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே மாமனார் எதையோ தேடித் தேடி நடக்கும் சத்தம் கேட்டது.

"இங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல டீச்சரே."

நான் வாய் திறப்பதற்குள் அம்மா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போனாள்.

"எனக்க வீட்டுல உண்டு மக்களே. எனக்க வீட்டுக்காரரு பெத்த மகளையே எங்கெருந்து வாறியன்னு கேட்டாரு. மூணு வருஷமா நான் மறச்சு வச்சேன். எனக்கு மடுத்துப் போச்சு, இனி ஏலாது."

அதுவரை எங்களைத் தவிர வேறு எந்த மனிதரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. தெருவாசலில், பகல் வெளிச்சத்தில், முன்பின் தெரியாத பெண்ணிடம் சொன்னாள். என் ஆயுளில் நான் யாரைப் பற்றியும் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

 அந்தப் பெண் சங்கிலியை விட்டாள்.

"ஒங்க வீட்டுல உள்ளவரு ராத்திரி உறங்குவாரா அம்மா?" என்று கேட்டாள்.