தண்ணீர்மேல் போட்ட பழி

எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. பெற்றது நாலு, தாயில்லாமல் வந்த கொழுந்தனார் மகள் ஒன்று, ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். காய்ச்சலுக்குக்கூட ஆஸ்பத்திரிப் படி ஏறாதவள் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

நான் சொல்வது நாலைந்து வருடங்களுக்கு முன், திருப்பூரில் மங்கலம் போகிற வழியில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது. சுற்றிலும் சாயப்பட்டறைகள். எங்கள் போர் தண்ணீர் ஒருநாள் மஞ்சளாக வரும், ஒருநாள் சிவப்பாக வரும். அதனால் கக்கூசில் சிவப்பைக் கண்டபோது நான் பதறவில்லை. தண்ணீர்தான் என்று இன்னும் இரண்டு சொம்பு ஊற்றிவிட்டு வந்தேன். மாதக்கணக்கில் அப்படியே போனது. உடம்பு இளைத்ததற்கும் வயசைத்தான் சொன்னேன்.

அந்தக் கோடையில் போர் வற்றிவிட்டது. லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்பினோம். ஒருநாள் எனக்குப் பின்னால் உள்ளே போன சின்ன மருமகள் உடனே திரும்பி வந்தாள்.

“ஏனுங்கத்தை, உள்ள சிவப்பா இருக்குதுங்க.”

“சாயத்தண்ணி கண்ணு. புதுசாப் பாக்கற மாதிரி கேக்கற.”

“தொட்டியில இருக்கறது லாரித் தண்ணீங்கத்தை. அதுல ஏதுங்க சாயம்?”

அப்படியானால் மூலநோயாக இருக்கும், பையன்களிடம் சொல்லிவிடாதே என்றேன். ஆண்பிள்ளைகளிடம் பேசுகிற பேச்சா இது? அவள் சாயங்காலமே சொல்லிவிட்டாள். அந்தக் கோபத்தில் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி என்றார்கள். இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் ஈரலுக்கும் பரவியிருக்கலாமாம். மருமகள் கையை அப்போதுதான் பிடித்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், அங்கே ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி வந்தாள். அறுத்தெடுக்கிற கட்டியில் ஒரு துணுக்கும் கொஞ்சம் ரத்தமும் தரமுடியுமா என்று கேட்டாள். இந்த நோய் உள்ளவர்கள் ரத்தத்தில் ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று தேடுகிறார்களாம். அது கிடைத்தால், வெளியே தெரியும் முன்பே நோயைக் கண்டுபிடிக்கலாமாம்.

“அதுல எனக்குக் கொணமாகுமா?”

“இல்லீங்கம்மா. உங்களுக்கு இதுல பிரயோசனம் ஒண்ணும் இல்லீங்க. பின்னால வர்றவங்களுக்குத்தான்.”

அவள் பொய் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. பெரியவன்தான் எகிறினான். “எங்கம்மா என்ன, நீங்க சோதிச்சுப் பாக்கற எலிங்களா?”

“நீ சும்மா இரு சாமி. கட்டி என்னுது. முழுசாவே எடுத்துக்க கண்ணு. ஊட்டுக்குக் கொண்டு போயி என்ன பண்ணப் போறேன்?”

கைநாட்டுக்காக அவள் நீட்டிய மை டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டு, சம்மதத் தாளில் எனக்குத் தெரிந்த எழுத்தில் கையெழுத்தே போட்டேன்.

செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெண்ணிடம் கேட்பேன். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம் என்பாள். தேடட்டும். ஆனால் அவர்கள் கண்டுபிடிக்கும்வரை, வாய்விட்டுச் சொல்வதைத் தவிர நமக்கு வேறு வழி இல்லை. என்னைக் காப்பாற்றியதும் நான் சொல்லாதே என்றதை ஒருத்தி சொன்னதுதான்.

எழுதி முடித்துப் பேத்தியிடம் கொடுத்திருக்கிறேன். படி கண்ணு, கேட்கிறேன். கக்கூஸ், ரத்தம் என்று வருகிற இடத்தில் மட்டும் குரலைக் குறைக்காதே.