பதினாலு படிக்கு ஒரு கைப்பிடி

யார் எதைச் சொன்னாலும் டீனாவுக்கு முதலில் "அதெல்லாம் இல்ல" என்றுதான் வாயில் வரும். காது அப்புறம்தான் வேலை செய்யும். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷமாக உதவியாளர். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த அலமாரியில் எந்த அமிலம் என்று எடுத்துத் தருவாள். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. இல்லை என்று நான் சொன்னால் பொய் சொன்ன பாவம் என் தலையில் விழும்.

அவளுக்கு வெல்டிங் வந்து சேர்ந்த கதை சின்னது. மூன்று வருஷத்துக்கு முன் பூந்தொட்டி வைக்க ஒரு ஸ்டாண்ட் செய்யச் சொன்னாள். வந்த ஆள் அளவெடுத்தான், டீ குடித்தான், போனான். போனவன் போனவன்தான். "போங்கடா, நானே பண்ணிக்கிறேன்" என்று ஒரு சின்ன மிக் மெஷினை வாங்கிவிட்டாள். பிடியை அழுத்தினால் கம்பி தானாக வரும். கூடவே சிலிண்டரிலிருந்து வாயு வந்து, உருகும் இரும்பின் மேல் காற்று படாமல் போர்வை போல மூடும். ஒட்டு அழகாக விழும். அதே மெஷினில் பொத்தானைத் திருப்பினால் ராடு என்கிற பூச்சு போட்ட குச்சியை வைத்தும் வெல்டிங் செய்யலாம். அந்தப் பொத்தானை அவள் தொட்டதே இல்லை. புகையும் கசடுமாக ராடு வெல்டிங் செய்வது அவள் மதிப்பில் ஒரு வேலையே கிடையாது.

வாயு வாங்கச் சிந்தாதிரிப்பேட்டையில் அப்துல் சமத்தின் கடைக்குப் போனாள்.

"சுத்த ஆர்கான் குடுங்க பாய்."

"இன்னாத்துக்கு?"

"இரும்புக்கு."

"இரும்புக்கு மிக்ஸ்தான் டீச்சர். எம்பது ஆர்கான், இருவது சிஓடூ. மிக்ல சுத்த ஆர்கான் போட்டா ஒட்டு மேலால குந்திக்கும், உள்ள எறங்காது."

"அதெல்லாம் இல்ல பாய். ஆர்கான் எதோடயும் சேராத வாயு. அதவிடப் பாதுகாப்பு இன்னா கீது? நான் லேபுல..."

"சரி, எத்துனு போய் ஒட்டிப் பாரு. அப்பால வா."

ஒரே மாதத்தில் போய் நின்றாள். சமத் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கலவை சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து வைத்தார். கேட்டுத் தொலைத்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அதற்குப் பிறகு ஸ்டாண்ட், செருப்பு அலமாரி, மாதா படத்துக்கு ஒரு தாங்கி என்று கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து வரிசையாகச் செய்தாள். ஒன்றும் சோடை போகவில்லை.

போன நவம்பரில் அவள் கணவர் ஃபிரெட்ரிக்குக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் போயின. கால் மட்டும் ஏதோ பாதி திரும்பி வந்தது. அவர்கள் குடியிருப்பது முதல் மாடி. வெளிப்பக்கமாகப் பதினாலு படி, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெட்டவெளி. அங்கே இருந்த பழைய கைப்பிடியை உப்புக்காற்று எப்போதோ தின்று தீர்த்துவிட்டது. நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி இறக்குகிறோம் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். ஃபிரெட்ரிக் முப்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.

"ஊரு சரக்கெல்லாம் நான் தூக்கினேன். என்ன நாலு பேரு தூக்குறது ஒரே ஒரு தபாதான். அதுக்கு இன்னும் டைம் கீது" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். எட்டு மாதம் ஜன்னலே உலகம் என்று கிடந்தார்.

ஆகவே கைப்பிடியை டீனாவே செய்வது என்று ஆனது. ஜூலையில் கோவில் திருவிழா. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஃபிரெட்ரிக் தன் காலால் இறங்கி வர வேண்டும். தேதியைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுத் தொங்கவிடச் சொன்னார். சொன்னது மே மாதத்திலேயே.

கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் கால்களை வெட்டுவது, அடியில் தட்டு வைத்துப் படியில் போல்ட் அடிப்பது எல்லாம் விடுமுறையில் முடிந்தது. ஒட்டுகிற வேலை வரும்போது பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு வந்து, சேலையை மாற்றி, கண்ணாடி முகமூடியை மாட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்காருவாள். பொறி கொஞ்சம் அதிகம் தெறித்தது. வாயுவைக் கூட்டி வைத்தாள். இன்னும் தெறித்தது. இன்னும் கூட்டினாள். சிலிண்டர் மூன்றே வாரத்தில் காலி. அப்போதாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஒட்டின இடத்தை அரைத்து வழவழப்பாக்கி, கறுப்புப் பெயிண்ட் அடித்துப் பார்த்தால் கடையில் வாங்கினது மாதிரி இருந்தது. கீழ்வீட்டு லூயிசா வந்து தடவிப் பார்த்து, "அக்கா, ஜோரா கீது" என்றாள். டீனாவுக்குத் தலை கால் புரியவில்லை.

திருவிழாப் பூசைக்கு முதல் நாள், சனிக்கிழமை மதியம். கடைசியாக, மேலிருந்து ஒன்பதாவது படியில் இருந்த காலை மட்டும் அரைக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகவே அரைத்துவிட்டாள். உள்ளே பார்த்தால் ஆப்பத்தின் நடுப்பாகம் மாதிரி பொடிப் பொடியாக ஓட்டை.

பக்கத்திலேயே பெயிண்ட் டப்பா இருந்தது. இரண்டு கோட் அடித்தால் யாருக்கும் தெரியாது. மாடியில் ஃபிரெட்ரிக் சவரம் செய்யச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாளைக்குக் காலையில் எண்பத்திரண்டு கிலோ ஆள், ஒற்றைக் கையால், இதைத்தான் பிடிக்கப் போகிறார்.

சுத்தியலை எடுத்து ஒரு போடு போட்டாள். மூன்றாவது அடியில் கால் முறிந்து கையோடு வந்தது.

அதைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். "நாளைக்கு வாணாங்க" என்றாள். கிரேன் ஓட்டியவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வலது கட்டை விரலால் அந்த ஓட்டைகளைத் தடவிப் பார்த்தார். துண்டைத் திருப்பிக் கொடுத்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் இரண்டு வசை வைதிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். மறுநாள் கோவில் மணி அடித்தபோது அந்த வெள்ளைச் சட்டை ஆணியிலேயே தொங்கியது.

திங்கட்கிழமை அந்தத் துண்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு சமத்திடம் போனாள்.

"எங்க ஒட்டினே?"

"வெளிப் படிக்கட்டுல பாய்."

"எத்தினி மணிக்கு?"

"ஸ்கூல் வுட்டு வந்து, நாலு மணிக்கு."

சமத் தன் டீ கிளாஸை எடுத்து அதன் மேல் ஊதினார். ஆவி கலைந்து எங்கோ போயிற்று. "சாயங்காலம் அடிக்குற கடல் காத்து, டீச்சர். நீ வுட்ட கேஸு பூரா அதோட பூடுச்சு. கூட்டி வெச்சா இன்னும் சுழட்டிக்கினு வெளிக்காத்தையும் சேத்து இஸ்துனு வரும்."

டீனாவுக்குச் சுருக்கென்றது. காலையில், நாலு பக்கமும் மறைவாக, கீழே உட்கார்ந்து செய்ததெல்லாம் ஏன் சரியாக வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. ஆய்வகத்தில் ஜன்னல் திறந்திருந்தால் ஸ்பிரிட் விளக்கைக்கூட ஏற்றவிடாதவள் அவள். இந்த வாயு மட்டும் காற்றுக்குப் போகாது என்று எப்படி நினைத்தாளோ!

"அதெல்லாம்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "இப்ப இன்னா பண்றது பாய்?"

"ராடு. அதுல வாயு வெளியேர்ந்து வராது. ராடு மேல கீற பூச்சே எரிஞ்சு புகையாவும் கசடாவும் மூடிக்கும். ஆனா உங்க ஊட்டாண்ட ஈரம். ராட காய வெச்சு ஒட்டு. கேக் அடுப்பு கீதா?"

இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை கிறிஸ்துமஸுக்கு மட்டும் வெளியே வருகிற அடுப்பு. ராடுகளை மூலைக்கு மூலை சாய்த்து வைத்தால்தான் அடங்கின. சமத் சொன்ன சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தாள். வீடு முழுக்க என்னவோ வாடை. ஒன்பது நாளாக வாயைத் திறக்காத ஃபிரெட்ரிக், "இன்னா, அதுக்குள்ள கிறிஸ்மஸ் வந்துடுச்சா?" என்றார்.

"வாய மூடிக்கினு இருங்க" என்றாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பழைய ஒட்டு அத்தனையையும் வெட்டி எடுத்தாள். விடியற்காலையில் ஒட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். இரண்டு வாரம் ஆயிற்று. புது ஒட்டு மேடும் பள்ளமுமாக, கசடு தட்டின தழும்போடு கரடுமுரடாக இருந்தது. அரைக்கவே இல்லை. ஒவ்வொரு கால் பக்கத்திலும் கம்பியில் நாலு தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டு, மேலே தானும் சாய்ந்து நின்று பார்த்தாள். லூயிசா வந்து, "முன்ன இருந்தது நல்லா இருந்துச்சேக்கா" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, விசேஷம் ஒன்றும் இல்லாத நாள், ஃபிரெட்ரிக் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். டீனா அவருக்கு முன்னால் பின்பக்கமாக இறங்கினாள். அவள் கண் ஒவ்வொரு காலின் அடியிலும், ஒவ்வொரு ஒட்டிலுமே இருந்தது. பதினோராவது படியில் அவர் இடது கால் இடறி, முழு உடம்பும் கம்பியில் சாய்ந்தது. கம்பி அசையவில்லை. இருவரும் தெருமுனை வரை போய், டீ குடித்து, கடல் தெரிகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

முதல் படியில் கால் வைத்துக் கம்பிக்காக வலது கையை நீட்டினார் ஃபிரெட்ரிக். கை சுவரில் பட்டது.

"டீனா."

"இன்னா?"

"கம்பி அந்தாண்ட கீது."

இறங்கும்போது வலப்பக்கம் இருந்தது, ஏறும்போது இடப்பக்கம். இடது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. "ஐயோ மாதாவே!" என்று டீனா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வாயுவை யோசித்தாள், காற்றை யோசித்தாள், ராடின் ஈரத்தை யோசித்தாள். அவரைக் கீழே கொண்டுவரும் வெறியில், திரும்பி ஏற வேண்டும் என்பது எட்டு மாதத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

"நாலு பேர கூப்புடட்டா?" என்றாள் மெதுவாக.

ஃபிரெட்ரிக் சிரித்தார். மெல்லத் திரும்பி, படிக்கு முதுகைக் காட்டி நின்று, வலது கையால் கம்பியைப் பிடித்தார். நல்ல காலை பின்னால் மேல்படியில் ஊன்றி எக்கினார். கெட்ட கால் பின்னோடு வந்தது. அப்படியே ஒவ்வொரு படியாகத் தெருவைப் பார்த்தபடி ஏறினார். அவள் இரண்டு படி கீழே, தொடாமல், கைகளை விரித்தபடி தொடர்ந்தாள்.

மேலிருந்து ஒன்பதாவது படியில் நின்று, ஒட்டின இடத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஒடச்சது இதுவா?"

"ஆமாங்க."

"நல்லா ஒடச்ச."

டீனா இந்தத் தடவை ஒட்டைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். எட்டு மாதமாகச் சவரம் செய்யும்போது மட்டும், அதுவும் கன்னம் கன்னமாகப் பார்த்த முகம். எதிரே நின்ற வாக்கில் அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாத்துக்கு அழுவுற? பின்னால எத்தினி படி கீது, அதச் சொல்லு" என்றார் ஃபிரெட்ரிக்.

"எட்டு" என்றாள். "மெதுவா போங்க."