பவர் சப்ளைக்கு வைத்த பொட்டு

காய்ந்த சந்தனம் சூடேறும்போது வருவது பூசையறை மணம் அன்று. அதில் கொஞ்சம் கருகல் இருக்கும். நான் அதை முகர்ந்தது ஏழாம் வகுப்பில், செங்கம் சாலை வீட்டில், அம்மாவின் மேசையருகே. ஆயுத பூஜை கழிந்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம் என்பதுவரை உறுதியாகச் சொல்ல முடிகிறது, கிழமைதான் பிடிபடவில்லை.

அம்மா, வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசத் தேர்வெழுதி உரிமம் பெற்ற ஹாம் ரேடியோக்காரர். கார்த்திகை தீபத்தன்று கூட்ட நெரிசலில் செல்பேசிகள் ஊமையாகிவிடும். அப்போது கிரிவலப் பாதையில் ஆங்காங்கே நின்று ரேடியோவில் செய்தி சொல்லும் தொண்டர் குழுவில் அவரும் இருந்தார். முந்தைய ஆண்டு அவரை மலைக்குப் பின்புறம், அடி அண்ணாமலையில் நிறுத்தியிருந்தார்கள். வழிதவறிய குழந்தை ஒன்று தன்னிடம் இருப்பதாகத் தொண்டை வறளச் சொல்லியும் கோயில் பக்கம் எட்டவில்லை, நடுவே மலை. பெற்றோர் தாங்களாகவே தேடி வந்து சேரும்வரை அந்தக் குழந்தை அவர் தோளிலேயே அழுது தூங்கியது. "இந்த வருஷம் நீங்க தண்ணிப் பந்தல பாத்துக்கங்க மேடம்" என்று குழுத்தலைவர் சொல்லிவிட்டார். அடி அண்ணாமலையிலிருந்து கேட்கும்படி பேசிக் காட்டினால்தான் பழைய இடம் கிடைக்கும். அதற்காகவே அம்மா, ரேடியோ அலையின் வலுவைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தன் கையால் கட்டினார்.

அதற்கு மின்சாரம் தந்தது, வீட்டில் "பெட்டி" என்று அழைக்கப்பட்ட பவர் சப்ளை. இணைப்பதில் அம்மாவுக்கு மாறாத வரிசை ஒன்று உண்டு. முதலில் ஏரியல், அது இல்லாமல் ஓட்டினால் டிரான்சிஸ்டர் வெந்துவிடும். பிறகு பெட்டியில் எதையும் மாட்டாமலே வோல்ட்டைச் சரியாக வைப்பார். மின்னோட்ட வரம்பைக் குறைத்துக்கொள்வார். பெட்டியை அணைத்துவிட்டு, சிவப்பு ஒயரைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் முறுக்குவார். "மாத்திக் குடுத்துட்டா மன்னிப்பே கெடையாது" என்பார்.

அன்றும் வரிசை பிசகவில்லை. ஆனால் பேசுவதற்குப் பொத்தானை அழுத்தியதும் ஆம்ப்ளிஃபயர் சோர்ந்துபோனது. பெட்டியின் வோல்ட் முள்ளோ அசையாமல் நின்றது. வரம்பை மெல்ல உயர்த்தியும் பயனில்லை. கையிலிருந்த ஒரே டிரான்சிஸ்டரும் போய்விட்டது என்று முடிவுகட்டி, அதைக் கழற்ற சாலிடரிங் அயர்னைச் சூடாக்கப் போட்டார். முகம் தண்ணீர்ப் பந்தலுக்கே போய்விட்டது.

"அம்மா, பெட்டிலேர்ந்து ஏதோ வாசன வருது" என்றேன்.

ஒயர் மாட்டியிருந்த பிளஸ் பக்கத்துச் சிவப்புத் திருகைத் தொட்டவர் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டார். அணைத்துவிட்டுக் கழற்றினால், மரையெல்லாம் காய்ந்த சந்தனம். ஒயர் உலோகத்தைச் சரியாகத் தொடாததால், பெட்டி கொடுத்ததில் பாதி அங்கேயே சூடாகத் தீர்ந்துகொண்டிருந்தது.

அப்பா பேருந்து ஓட்டுநர். ஆயுத பூஜையன்று வண்டிக்குப் பொட்டு வைத்த கையோடு வந்து பெட்டிக்கும் வைத்திருக்கிறார். ஈரச் சந்தனம் வழிந்து மரைக்குள் இறங்கியிருக்கிறது.

"ஏங்க, பெட்டிக்கு நெத்தி எதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"செவப்பா உருண்டையா இருந்துச்சு. அதான் நெத்தின்னு நெனச்சேன்."

"பக்தி ஜாஸ்தி!"

"என் வண்டிக்கு வெச்சிட்டு உனக்கு வெக்காம வுட்டா நல்லாவா இருக்கும்?"

பெட்டிக்கு என்று சொல்லாமல் "உனக்கு" என்றதில் அம்மாவின் கோபம் நின்றுபோனது. பழைய பல்துலக்கியால் அவர் மரையைத் தேய்க்க, அப்பா பக்கத்தில் குனிந்து டார்ச் அடித்தார்.

அடுத்த ஞாயிறு அடி அண்ணாமலையிலிருந்து அம்மா பேச, கோயில் பக்கமிருந்து தலைவரின் பதில் வந்தது: "கொஞ்சம் கம்மி பண்ணுங்க மேடம், காதே போயிடும் போல!" தண்ணீர்ப் பந்தலுக்கு வேறு ஆளைப் போட்டார்கள்.

இன்று அம்மா நின்ற இடத்தில் கேமராக் கம்பம் நிற்கிறது. குழுவும் கலைந்துவிட்டது. சென்னையிலிருந்து நான் செல்பேசியில் அழைக்கும்போது மற்றவர்களைப் போல அம்மா குறுக்கே பேசுவதில்லை. ஒருவர் முடித்தால்தான் மற்றவர் பேச முடியும் என்ற ரேடியோப் பழக்கத்தில், நான் முடித்தபின்னும் ஒரு கணம் பொறுத்து, இனி எதுவும் வராது என்று தெரிந்த பிறகே வாய் திறக்கிறார். அந்த இடைவெளியில், சொல்ல நினைக்காததையும் நான் சொல்லிவிடுகிறேன்.