கணவரின் உலையைச் சோதிக்கப் போனவள்

எங்கம்மா சந்திரிகாவுக்கு அணு உலைகளின் பாதுகாப்பைச் சோதிக்கிற வேலை. எங்கப்பா ஜவஹருக்கு அணு உலையை ஓட்டுற வேலை. ஜாதகம் பாத்தவர் பலே ஆளு.

அப்பா ஞாயிறு சாயங்காலம் ரயிலேறி நெய்தல்துறை அணுமின் நிலையத்துக்குப் போவார். வெள்ளிக்கிழமை அடையாறு திரும்புவார். அம்மாவுக்கு ஆபீஸ் தேனாம்பேட்டையில். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கேஸ் குமிழைத்தான் பார்ப்பாள். அவள் ஆபீசில் நாற்காலி நிறைய, ஆள் ரெண்டு பேர். ஒருத்தர் முதுகு ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது நெய்தல்துறைச் சோதனை வந்தது.

"சார், அது என் வீட்டுக்காரர் யூனிட். நான் போகக் கூடாது, வேற ஆளை அனுப்புங்க" என்று அம்மா போனில் கெஞ்சினாள்.

"ஆளுக்கு எங்கேம்மா போறது? நீங்களே போயிட்டு வாங்க."

போனாள். கரண்ட் போனால் உலையைக் குளிர வைக்கிற பம்புகளை ஓட்ட அங்கே டீசல் ஜெனரேட்டர் உண்டு. அம்மா முன்னாடி அது முதல் தடவை கிளம்பவில்லை. அடுத்த தடவையும் இல்லை. அப்புறம் இருமிக்கொண்டே எழுந்தது. நம்ம ஸ்கூட்டி என்றால் பரவாயில்லை.

"போன மாசமும் இப்படித்தான் சந்திரா. சொன்னேன், யாரும் கேக்கல" என்றார் அப்பா மெதுவாக.

சரிசெய்யும்வரை உலையை நிறுத்தணும் என்று அம்மா எழுதிக் கொடுத்தாள். அவள் ஆபீசுக்கும் நெய்தல்துறைக்கும் மேலே இருப்பவர் ஒரே பெரிய அதிகாரி. பரீட்சை எழுதுறவனே பேப்பர் திருத்துற கதை. பத்தாவதைத் தாண்டாத எனக்கே இடிக்குது. ஒரே வாரத்தில் பதில் வந்தது. சோதித்தவர் யூனிட் பொறுப்பாளரின் மனைவி, அதனால் அறிக்கை செல்லாது. வேறு ஆள் கிடைத்ததும் மறுசோதனை. அதுவரை உலை ஓடும்.

"இன்னா மம்மி, உன் ரூல வச்சே உன்ன அவுட் பண்ட்டாங்க" என்றேன். சிரிக்க வைக்கத்தான்.

அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ரூல் சரிதான்டா. ஆளத்தான் காணோம்."

இன்னமும் காணோம். போன ஞாயிறு அம்மா புளிசாதம் கட்டினாள்.

"இந்த வாரம் லீவு போடுங்களேன்" என்றாள்.

அப்பா ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "நானும் போகலன்னா அந்த ஜெனரேட்டர் பக்கத்துல யாரு நிப்பா?" என்றார்.

அம்மா ஏற்கனவே மூடியிருந்த டப்பாவை மறுபடி அழுத்தி அழுத்தி மூடினாள்.

பையை நான் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை அப்பா மேலேயே பார்த்துக்கொண்டு போனார். அம்மா பால்கனிக்கு வரவில்லை.